தூதுவன் நின்ற இடம்

தூதுவன் பொய் சொல்வதில்லை என்று கரும்பலகையில் எழுதி அதற்குக் கீழே கோடும் இழுத்தவள் நான்தான். வெண்கட்டித் தூள் இன்னும் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குள் யதுர்சா எழும்பி முன்னுக்கு வந்து என்னுடைய தம்பியின் சாவைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இல்லை, அவள் தன்னுடைய பயிற்சியைத்தான் செய்கிறாள், நான் கொடுத்த பயிற்சி, நானே கேட்டு வாங்கியது. கிரேக்கத் துன்பியலில் சாவு மேடையில் நடப்பதில்லை பிள்ளையள், அது அரண்மனைக்கு உள்ளே நடக்கும், இல்லாவிட்டால் தூரத்தில் ஒரு கடற்கரையில் நடக்கும், கண்டவன் ஒருவன் ஓடிவந்து சொல்லுவான், அவனுக்குப் பெயர்கூட இராது, நீங்களும் ஆளுக்கொரு தூதுவனாக வந்து ஒரு சாவைச் சொல்லுங்கோ, சின்னச் சின்ன விசயமாக வைத்துச் சொல்லுங்கோ, அப்போதுதான் ஆட்கள் நம்புவார்கள் என்று சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். அதில் பிழையில்லை, உயர்தரச் சோதினையில் நாடகமும் அரங்கியலும் எடுக்கிற பிள்ளைக்கு இது தெரியத்தான் வேண்டும். முதல் வந்த பெடியள் சினிமாவில்போல ரத்தத்தை வாளி வாளியாக ஊற்றினார்கள், வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன், தகரக் கூரை வேறு சனிக்கிழமை வெயிலைக் குடித்துவிட்டு எங்கள் தலையில் கக்கிக்கொண்டிருந்தது, பக்கத்துக் கொட்டிலில் கணக்கீட்டு சேர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பற்று, வரவு, பற்று, வரவு என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு யதுர்சா வந்தாள். கையை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. “அவர் ஒரு வடலிக்குக் கீழை கிடந்தவர். நான் போய்த் தலையைத் தூக்கி மடியிலை வைச்சன். தண்ணி கேட்டார். போத்தில் மூடியாலை கொஞ்சம் கொஞ்சமாப் பருக்கினன். நோகுதோ எண்டு கேட்டன். நோகேல்லை எண்டார். வெய்யில் முகத்திலை அடிச்சது, என்ரை நீலத் துவாயை விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். பிறகு சொன்னார், காலமை கஞ்சி குடிச்சனான், பசியோடை போகேல்லை எண்டு அம்மாட்டைச் சொல்லு.” அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து கைதட்டினார்கள், நானும் தட்டினேன் என்று நினைக்கிறேன்.

வடலி, குட்டிப் பனை, அது எல்லா இடத்திலும்தான் நின்றது. வன்னியின் அந்தக் கடைசிக் கரையில் பனையும் வடலியும் மணலும் தவிர வேறு என்ன இருந்தது, சாகிறவன் ஏதோ ஒரு மரத்துக்குக் கீழே கிடந்துதானே சாகவேண்டும். தண்ணீர் எல்லாரும்தான் கேட்டார்கள். காயப்பட்டவனுக்குத் தண்ணீர் விடாய்க்கும், அது உடம்பின் பழக்கம். போத்தல் மூடி, சரி, கோப்பைக்கு எங்கே போவது, மூடியால்தான் பருக்கியிருப்பார்கள். துவாய் எல்லாரிடமும் இருந்தது, அதில் பாதித் துவாய் நீலமாகத்தான் இருந்திருக்கும், கடையில் அப்போது நீலம்தான் விற்றார்கள் என்றே வைத்துக்கொள்வோமே. நான் வாத்திச்சி, ஒரு விடைக்குப் பல காரணம் தேடிப் புள்ளி போடுகிறவள், எனக்கு இதெல்லாம் வரும். ஆனால் கஞ்சி. பசியோடை போகேல்லை எண்டு அம்மாட்டைச் சொல்லு. அந்த வசனத்தில் வந்து மனசு கால் இடறி நிற்கிறது, எழும்பி நடக்கப் பார்க்கிறது, திரும்பவும் அதிலேயே இடறுகிறது. அந்த வசனம் எங்கள் வீட்டுச் சொத்து. அதை எங்கள் வீட்டில் யாரும் வெளியில் கொடுத்ததில்லை. அம்மாவுக்கும் எனக்கும் அதைக் கொண்டுவந்து சொன்ன சீலனுக்கும் தவிர, உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது என்று இவ்வளவு காலமும் இருந்தேன். இப்போது உடுப்பிட்டியில் இருந்து சைக்கிளில் வருகிற ஒரு பிள்ளை அதை என் வகுப்பின் நடுவில் வைத்துவிட்டுப் போய் வாங்கில் இருந்துகொண்டு தண்ணீர் குடிக்கிறாள்.

சீலன் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பின்னேரம். சண்டை முடிந்து, முட்கம்பிக்குள் இருந்து சனங்களை விடத் தொடங்கியிருந்த காலம். தம்பி வாகீசனின் படத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா முகாம் முகாமாக அலைந்துவிட்டு வந்து விறாந்தையில் படுத்திருந்தா. சோறு வைத்தால் பார்ப்பா, தள்ளிவிடுவா. அவன் சாப்பிட்டானோ தெரியேல்லை, நான் எப்பிடிச் சாப்பிடுறது என்பா. சோற்றுக் கோப்பையைக் கழுவிக் கழுவி எனக்குக் கை வெளிறிப்போயிருந்தது. அப்போதுதான் வாசல் படலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. கறுத்து மெலிந்த ஒருத்தன், வலது கையில் இரண்டு விரல் இல்லை, வாகீசன்ரை வீடு இதுவோ என்று கேட்டான். நான் அவனோடை நிண்டனான் அம்மா என்று சொல்லிவிட்டு நிலத்தில் இருந்தான், கதிரை போட்டேன், இருக்கவில்லை. அவன் சொன்ன விதம் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது. அழவில்லை, பெரிய வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை, வடலி, மூடி, துவாய், கஞ்சி என்று ஒவ்வொன்றாக எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தான். அம்மா எழும்பி இருந்தா. பசியோடை போகேல்லையோ தம்பி, திருப்பிச் சொல்லும் என்றா. அவன் திருப்பிச் சொன்னான். அம்மா அழுதா, அழுது முடிய, பிள்ளை சோறு இருக்கோ என்று என்னைக் கேட்டா, அவனுக்கும் போட்டுத் தானும் சாப்பிட்டா. அந்த அடுப்படியில் நின்றுகொண்டு அவனைப் பார்த்தபோதே எனக்கு அவனில் மனம் விழுந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் தம்பியின் தலையை மடியில் வைத்திருந்தவன். நான் போயிருக்க வேண்டிய இடத்தில் எனக்காகப் போய் இருந்தவன். அந்த மடியை நம்பித்தான் அவனைக் கட்டினேன், சீதனம் இல்லை, சாதகம் பார்க்கவில்லை, அம்மாவே முன்னுக்கு நின்று கட்டிவைத்தா. பிறந்த பெடியனுக்கு வாகீசன் என்றே பெயரும் வைத்தோம், செத்தவனின் பெயர் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று.

“ரீச்சர், ஒரு கேள்வி” என்று கஜீபன் எழும்பி நிற்கிறான். இவன் எப்போதும் முட்டையில் மயிர் பிடுங்குகிறவன், வாயால் கெட்டவன், ஆனால் மண்டை உள்ளவன். “தூதுவன் பொய் சொல்ல மாட்டான் எண்டு எழுதியிருக்கிறியள். அவன் அந்த இடத்திலை நிண்டவன் எண்டு அரசிக்கு எப்பிடித் தெரியும்?” வகுப்பு சிரிக்கிறது. நான் சிரிக்கவில்லை. அது மரபு கஜீபன் என்கிறேன். மரபு என்றால் என்ன ரீச்சர் என்கிறான். மரபு என்றால் கேட்கக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது என்று என் வாய் சொல்லுகிறது, பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதுகிறார்கள், எழுதாதேங்கோ என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வகுப்பு முடிய இன்னும் நேரம் இருக்கிறது. வாய் தன்பாட்டில் வேலை செய்யப் பழகியிருக்கிறது, அது நல்லது, அதை விட்டுவிடுகிறேன், வரலாற்றுப் பின்னணி எழுதுங்கோ பிள்ளையள். அந்தக் கிரேக்க நகரம் அப்போது ஓயாமல் சண்டையில் இருந்தது. நாடகம் பார்க்க மலைச்சரிவில் வந்து இருந்தவர்களில் கனபேர் சண்டைக்குப் போய்வந்தவர்கள், பிணம் தூக்கியவர்கள். மேடையில் ஒருத்தன் வெட்டுப்பட்டு விழுந்து காட்டினால் அவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரிந்திருக்கும் என்று நான் வருசா வருசம் சொல்வேன், அதனால்தான் சாவை வெளியில் வைத்துவிட்டு வார்த்தையை மட்டும் உள்ளே விட்டார்கள் என்று. சண்டையில் தகப்பனை இழந்த பெடியளை வளர்த்து ஆளாக்கி, கவசம் போட்டு, நாடகம் தொடங்க முன்னம் அந்த வட்டத்தில் ஊர்வலமாக நடத்தினார்கள், எழுதுங்கோ. ஒரு கவிஞன், உறவு நகரம் ஒன்று அழிந்ததை நாடகமாகப் போட்டான், சனம் முழுக்க விம்மி அழுதது, சொந்தத் துன்பத்தை ஞாபகப்படுத்தினாய் என்று அவனுக்குத் தண்டப்பணம் விதித்தார்கள். இதைச் சொல்லும்போது வழக்கமாக நான் கொஞ்சம் நிறுத்துவேன், பிள்ளைகள் என்னை நிமிர்ந்து பார்ப்பார்கள், இந்த மண்ணில் பிறந்ததுகளுக்கு விளக்கம் தேவையில்லை. இன்றைக்கு நிறுத்தவில்லை. நிறுத்தினால் நான் அழுதுவிடுவேன், அழுதால் யதுர்சா தன்னுடைய நடிப்புக்கு என்று நினைப்பாள்.

நாடக முரண் என்றால் என்ன, ஆர் சொல்லுவியள். பார்ப்பவனுக்குத் தெரியும், மேடையில் நிற்பவளுக்குத் தெரியாது, ரீச்சர், என்கிறது ஒரு பிள்ளை. சரி, இரு. பாடத்திட்டத்தில் இருக்கிற நாடகத்தில் அரசி தூதுவனுக்குத் தன் கையால் பழரசம் கொடுப்பாள், பாவம் களைத்து வந்தவன் என்று, அவன் ஆர் என்று தெரியாமல். நான் என்ன கொடுத்தேன். சோறு கொடுத்தேன், குளிக்கத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன், மாற்றிக் கட்ட வாகீசனின் சாரத்தைக் கொடுத்தேன், பிறகு என்னையே கொடுத்தேன். அம்மா கீரிமலையில் ஐயரைப் பிடித்து, உடம்பு இல்லாததால் தர்ப்பையில் ஆள் செய்து, வாகீசனுக்கு எல்லாம் செய்வித்தா. கடலில் இறங்கினது நான், தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றினது நான், மரண அத்தாட்சிக்குப் போய் வரிசையில் நின்றதும் நான்தான். காணாமல் போன பிள்ளைகளின் தாய்மார் தெருவோரத்தில் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கினபோது அம்மாவை வரச்சொல்லிக் கேட்டார்கள். அம்மா போகவில்லை. என்ரை பிள்ளை காணாமல் போகேல்லை, அவன் போய்ச் சேர்ந்திட்டான் என்றா. பஸ்ஸில் அந்தப் பந்தலைக் கடக்கும்போதெல்லாம் யன்னலால் பார்த்து, பாவங்கள், அதுகளுக்கு ஒருத்தரும் வந்து சொல்லேல்லை என்பா. அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்துச் சீற்றில் சீலன் இருந்திருக்கிறார். ஒருமுறை இல்லை, பலமுறை. மூக்குச் சொறிந்தாரா, வெளியில் பார்த்தாரா, எனக்கு ஞாபகம் வரவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை, பார்க்கவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றப்போகிறது. சரி, பொறு, பெண்ணே, பொறு. இன்னும் ஒன்றும் தெரியாது. அவர் உண்மையாகவே இரண்டு பேருக்கும் தலை தாங்கியிருக்கலாம். இரண்டு பேரும் வடலிக்குக் கீழே கிடந்திருக்கலாம். இரண்டு பேரும் காலையில் ஒரே கிடாரத்துக் கஞ்சியைக் குடித்துவிட்டு ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கலாம். இப்படி நினைக்கிறபோதே எனக்குச் சிரிப்பு வருகிறது. 

இடைவேளை விட்டேன். பிள்ளைகள் சர்பத் குடிக்கக் கடைப்பக்கம் போனார்கள். யதுர்சாவைப் பிள்ளை இஞ்சை வாரும் என்று கூப்பிட்டேன். அவள் பயந்துகொண்டு வந்தாள், பிழை விட்டுவிட்டேனோ என்ற முகம். நல்லாச் செய்தனீர், எங்கை எடுத்தனீர் அதை என்று கேட்டேன். மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். “அது எங்கடை பெரியம்மாவின்ரை மகன், ரீச்சர். டினேசண்ணா. நான் அப்ப சின்னப்பிள்ளை, எனக்கு ஆளைத் தெரியாது. அவரோடை நிண்ட ஒரு அண்ணா வந்து சொன்னவராம். பெரியம்மா ஒவ்வொரு திவசத்துக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவா, எனக்குப் பாடமாப் போச்சு. சோதினையிலை எழுதினால் கூடாதோ ரீச்சர்?” எழுதலாம் பிள்ளை, நல்லா எழுதலாம். வந்து சொன்னவர் ஆரெண்டு தெரியுமோ? “பேர் தெரியாது ரீச்சர். சைக்கிளிலை வந்தவராம். கையிலை விரல் இல்லையாம். பெரியம்மா அவருக்கு மோதிரம் போட அந்தரப்பட்டவவாம், போடுறதுக்கு விரலைக் காணேல்லை எண்டு இப்பவும் சொல்லுவா. பிறகு ஒருக்காலும் வரேல்லையாம்.” போய்ச் சர்பத் குடியும் என்றேன். அவள் போனாள். பின்னல் இரண்டும் முதுகில் ஆட ஓடிப்போனாள், ஒரு பாவமும் அறியாத பிள்ளை, என் குடும்பத்தைப் பிடுங்கி வெளியில் போட்டுவிட்டு ஐஸ் போட்ட சர்பத் குடிக்கப் போகிறது. அவளில் எனக்குக் கோபம் வந்தது, உடனே வெட்கமாகவும் இருந்தது. அந்தப் பெரியம்மாவிலும் கோபம் வந்தது. வாகீசனின் சாவை அவ தன் மகனுக்கு எடுத்துக்கொண்டா என்ற மாதிரி, தூக்கிக்கொண்டு போனவளிடம் பறிக்க வேண்டும் என்ற மாதிரி. பிறகுதான் விளங்கியது, அது எங்களுடையதும் இல்லை, அவவுடையதும் இல்லை. அந்த வடலிக்குக் கீழே ஒருவரும் கிடக்கவில்லை.

இரண்டாம் பாதியில் என்ன படிப்பித்தேன் என்று கேட்டால் தெரியாது. கரும்பலகையில் துன்பியல் வழு என்று என் கையெழுத்தில் இருக்கிறது, ஆகவே அதைத்தான் படிப்பித்திருப்பேன். நல்லவன் ஒருவன், தீயவன் இல்லை, ஒரு பிழை விடுவான், அந்தப் பிழையில் இருந்து எல்லாம் சரியும். பிள்ளைகள் எழுதினார்கள். நல்லவன் ஒருவன். சீலன் நல்லவர், அதுதான் தொல்லை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், அம்மாவுக்கு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார், மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இப்போது சுகமாக இருந்திருக்கும். பழைய காலத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்க்கிறேன், எல்லாவற்றின் பின்பக்கத்திலும் வேறு ஒன்று எழுதியிருக்கிறது. உடுப்பிட்டிப் பக்கம் கலியாணவீடு என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். திவசத்துக்கு ஐயர் வந்தால் அவருக்கு அன்றைக்கென்று வேலை வரும், தாங்கேலாமல் போகிறார் என்று நானே அம்மாவுக்குச் சொல்வேன். சண்டையின் கடைசி நாட்களில் நடந்ததைக் கண்டவர்கள் யாரும் இருந்தால் வந்து சொல்லுங்கோ என்று சில பேர் ஊர் ஊராக வந்து கேட்டபோது அவர் உள்ளே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் அவருக்கு ஒண்டும் தெரியாது அண்ணை, அவர் தன்ரை சிநேகிதனை மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டு வந்தவர் என்று படலையில் நின்று சொல்லி அனுப்பினேன். பெருமையாகத்தான் சொன்னேன். என் வாயாலேயே. அவர் உள்ளே சத்தத்தைக் கூட்டினார், அதுவும் இப்போது கேட்கிறது. பயமாக இருக்கிறது. எனக்கு அவரில் பயமில்லை, கேட்டால் என்ன சொல்லுவார் என்பதில் பயம். பொய் என்று மட்டும் சொன்னால் சமாளிக்கலாம். பொய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது, சாவு ஒன்று இருக்கிறதா, இல்லையா. கேட்காமலே போய்விடலாம். மரபு என்றால் கேட்கக்கூடாது என்று எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கொண்டது. பெடியன் படித்து முடிக்கட்டும், அம்மா கண்ணை மூடட்டும், பிறகு கேட்கலாம். பிறகு ஏன் கேட்கவேண்டும். கணக்கீட்டு சேர் மைக்கை நிறுத்திவிட்டார், திடீரென்று காது அடைத்தமாதிரி ஆகிவிட்டது, பிள்ளைகள் கொப்பிகளை மூடி எழும்பி நன்றி ரீச்சர் என்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் சீலன்தான் வந்து ஏற்றுவார். பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு ஒழுங்கை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஹோர்ன் அடிக்காமல் நிற்பார், வகுப்புக் குழம்பும் என்று அந்த மரியாதை. இன்றைக்கும் நிற்கிறார். மகனுக்குத் தின்ன வாங்கின பணிஸ் பை கைபிடியில் தொங்குகிறது. “என்ன, முகம் ஒருமாதிரிக் கிடக்கு. தலையிடியோ?” என்கிறார். ஏறவேண்டும், ஏறிப் பின்னால் இருந்து அவர் இடுப்பைப் பிடிக்கவேண்டும், என் கைக்கு அது பழக்கம். ஏறவில்லை. உடுப்பிட்டியிலை டினேஸ் எண்டொரு பிள்ளை இருந்ததோ, அவனும் தண்ணி கேட்டவனாம் என்றேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். முகம் மாறவில்லை. கை மட்டும் மெல்லப் போய்ச் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தியது. எனக்கு அதுவே போதும், மிச்சத்தைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

“வீட்டை போய்க் கதைப்பம்.”

“வீட்டிலை அம்மா இருக்கிறா. இஞ்சையே சொல்லுங்கோ. நீங்கள் அந்த இடத்திலை நிண்டனீங்களோ?”

“எந்த இடத்திலை?”

“எனக்கு அந்த நடிப்பு வேண்டாம். நான் அதைத்தான் படிப்பிக்கிறனான்.”

அவர் பணிஸ் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதை எதற்குச் செய்தார் என்று தெரியவில்லை. “நிக்கேல்லை” என்றார். “அப்பிடி ஒரு இடம் இல்லை.”

 மதிலில் கையை ஊன்றினேன், மதில் சுட்டது. அப்ப அவனைக் கடைசியா எங்கை கண்டனீங்கள் என்று நான் கேட்டது எனக்கே தூரத்தில் கேட்டது. “பஸ்ஸிலை” என்றார். “எல்லாம் முடிஞ்சு சனம் இஞ்சாலை வந்த பிறகு, ஆமிக்காரர் பேர் பதிய வரச்சொல்லிக் கூப்பிட்டு பஸ்ஸிலை ஏத்தினவை. டினேசும் இவனும் ஒண்டா ஏறினவை. வேறை பெடியளும் ஏறினவை. நான் கையிலை காயத்தோடை சனத்துக்குள்ளை நிண்டனான், என்னை ஒருத்தரும் கவனிக்கேல்லை.”

“காயமோ அவனுக்கு?”

“ஒரு காயமும் இல்லை.”

“உயிரோடை ஏறினவன்.”

“ஓம். உயிரோடைதான்.”

ஏன் இதைச் சொல்லேல்லை என்று கேட்டேன். கத்தினேனா தெரியவில்லை, சர்பத் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சீலன் என்னைப் பார்க்கவில்லை, பையின் முடிச்சைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். “செத்துப்போனான் எண்டு வந்து சொல்லுறவன், சொல்லிப்போட்டுப் போற ஆள். அவனை ஒருத்தரும் தேட மாட்டினம். பஸ்ஸிலை ஏத்தினதைக் கண்டனான் எண்டு சொன்னால் நான் சாட்சி. அந்த நேரம் சாட்சி எண்டால் என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியாதோ? நானும் ஏறவேண்டி வந்திருக்கும். ஆனால் போற வீடெல்லாம் கேட்டினம். பிள்ளை எங்கை, பிள்ளை எங்கை எண்டு. தெரியாது எண்டு சொன்னால் விடுகினமில்லை, காலைப் பிடிக்கினம். அந்த பஸ்ஸிலை ஏறினதுகளிலை எனக்குத் தெரிஞ்ச எல்லாற்றை வீட்டுக்கும் அதைத்தான் சொன்னனான். மாமி அண்டைக்குச் சாப்பிட்டவ எல்லே. நீர்தானே சோறு போட்டனீர்.” அப்படித்தான் சொன்னார், நீர்தானே சோறு போட்டனீர் என்று. தூதுவனுக்குப் பெயர் இராது, அவனுக்கு ஒன்றும் நடக்காது, வந்து சொல்லுவான், போய்விடுவான், இந்த ஒரு வசதியைக் கிரேக்கர்கள் அவனுக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கிச் சொன்னதே இல்லை. இவர் மட்டும் போகவில்லை, சொன்ன வீட்டிலேயே இருந்துவிட்டார், நான் இருத்திவிட்டேன். வாகீசன் அந்த பஸ்ஸில் போய் எங்கேயோ இறங்கியிருப்பான். ஏதோ ஒரு அறையில் இருந்திருப்பான், ஒரு மாதமோ ஒரு வருசமோ. சுவரைப் பார்த்துக்கொண்டு அம்மாவை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருப்பான். அந்த நேரத்தில் நாங்கள் இங்கே கீரிமலையில் அவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து, அவனை எங்கள் கையாலேயே முடித்துவிட்டு, வரும் வழியில் தேத்தண்ணி குடித்தோம். என் கலியாணத்தன்று அவன் உயிரோடு இருந்தானா. என் பிள்ளைக்கு அவன் பெயரை வைத்த அன்றைக்கு. ஒன்றையும் கேட்க ஆள் இல்லை. மோட்டார் சைக்கிளின் சூடு காலில் அடித்தது, நகரத் தோன்றவில்லை.

“அவன் உங்களைக் கண்டவனோ?”

அவர் பையின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினார். சொல்லுங்கோ என்றேன். சீலன் அப்போதுதான் அழத் தொடங்கினார், எங்கள் விறாந்தையில் அன்றைக்கு அழாதவர். “கண்டவன். யன்னலாலை தலையை நீட்டிக் கூப்பிட்டவன். பஸ் எங்கை போகுதெண்டு கேட்டுப் போட்டுப் போய் அம்மாட்டைச் சொல்லு, அம்மாவை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லு எண்டு சொன்னவன். எனக்கு வடிவாக் கேட்டது. பஸ் வெளிக்கிட்ட பிறகும் சொல்லிக்கொண்டு போனவன்.”

அவரை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினேன். ஏறுமன் என்று அவர் பின்னால் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிறார், வரட்டும். வீடு தூரமில்லை. அம்மா இந்நேரம் முற்றத்தைக் கூட்டிவிட்டு எங்களுக்குத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்திருப்பா. இருத்திவைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவேண்டும், என்னால் முடிந்தவரைக்கும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டும். அம்மா அழமாட்டா, இவரைத் திட்டவும் மாட்டா, அதற்கெல்லாம் பிறகுதான் நேரம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி, செருப்பை எங்கே விட்டேன் என்று தேடிக்கொண்டே அம்மா என்னிடம் கேட்கப்போவது எனக்குத் தெரியும். அந்த பஸ் எங்கை போனது பிள்ளை என்றுதான் கேட்பா.